தூய எண்ணெயும் மூன்று பூனைகளும்: நறுமண எண்ணெய் நச்சேற்றம் பற்றிய நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

கால்நடை நோயறிதல் துறை இதழ் ஒன்றில் 1998-இல் பதிவான நிகழ்வு இது. உயர் இனப் பூனைகள் மூன்றுக்குக் கடுமையான தெள்ளுப்பூச்சித் தொல்லை இருந்தது. முதலில் அவற்றின் ரோமம் மழிக்கப்பட்டது. மழித்த தோலில் வெட்டோ கீறலோ தென்படவில்லை. அதன் பிறகு, எதனுடனும் கலக்காத நூறு சதவீத டீ ட்ரீ எண்ணெய் ஏறக்குறைய 60 மில்லிலிட்டர் எடுத்து, மூன்று பூனைகளின் உடலிலும் பகிர்ந்து தடவப்பட்டது. மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா என்னும் ஆஸ்திரேலியச் சிறுமரத்தின் இலைகளை நீராவியில் வடித்து எடுக்கும் இந்த எண்ணெய்க்கும் நாம் குடிக்கும் தேயிலைக்கும் உறவு கிடையாது.

சில மணி நேரத்துக்குள் மூன்று பூனைகளும் நோய்ப்பட்டன. ஒன்று நிற்க முடியாமல் கால் பின்னித் தடுமாறியது. உடல் குளிர்ந்திருந்தாலும் நினைவு தவறவில்லை. இன்னொன்று ஆழ்மயக்கத்தில், உடல் வெப்பம் வெகுவாகத் தாழ்ந்து, நீரிழப்புடன் கிடந்தது. மற்றொன்று விழிப்பாக இருந்தது. ஆனால் மிரட்சியும் நடுக்கமும் இலேசான தள்ளாட்டமும் அதனிடம் காணப்பட்டன. மென்மையான சோப்புக் கரைசலால் உடலைக் கழுவுதல், திரவம் செலுத்துதல், செயலூட்டிய கரி கொடுத்தல் முதலிய சிகிச்சைகள் அளிக்கப்பட்டன. இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகளின் அளவு கூடியிருந்தது தெரிந்தது. இரண்டு பூனைகள் இரண்டு நாள்களுக்குள் தேறிவிட்டன. ஆழ்மயக்கத்தில் இருந்த பூனை மூன்றாம் நாள் இறந்தது. பூனைகளின் சிறுநீரைச் சோதித்தபோது டெர்பினன்-4-ஆல் என்னும் சேர்மம் கண்டறியப்பட்டது.

இந்தக் கடைசி வாக்கியம்தான் நிகழ்வின் மையம் என்று நான் கருதுகிறேன். டெர்பினன்-4-ஆல் கலப்படப் பொருள் அன்று. டீ ட்ரீ எண்ணெயின் முதன்மைக் கூறு அதுவே. அந்த எண்ணெய் நல்ல எண்ணெய் என்று எந்தச் சேர்மத்தை அளந்து சான்று தருகிறார்களோ, அதே சேர்மம்தான் பூனையின் உடலுக்குள் புகுந்து சிறுநீர்வரை வந்திருக்கிறது. விலங்குகளுக்கு நறுமண எண்ணெய் பயன்படுத்துவது பற்றிய பேச்சில், "சுத்தமான எண்ணெயாக இருந்தால் ஒன்றும் ஆகாது; கெடுதல் செய்வது கலப்பட எண்ணெய்தான்" என்னும் வாதம் இன்றும் திரும்பத் திரும்ப வருகிறது. இந்த மூன்று பூனைகளின் பதிவு அந்த வாதத்துக்கு நேர் எதிரான சாட்சியம். ஆகவே எண்ணெயின் தூய்மை என்ற கேள்வியையும் அந்த விலங்குக்கு அது பாதுகாப்பானதா என்ற கேள்வியையும் பிரித்தே ஆராய வேண்டும்.

அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால்

அறுபது மில்லிலிட்டரைச் சமமாகப் பங்கிட்டதாக வைத்துக்கொண்டால், ஒரு பூனைக்கு 20 மில்லிலிட்டர் வருகிறது. ஒரு துளி ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர் என்ற வழக்கமான கணக்கில் அது 400 துளி. வளர்ந்த பூனை ஒன்றின் எடை 4 கிலோ என்று கொண்டால், ஒரு கிலோ உடல் எடைக்கு 5 மில்லிலிட்டர் எண்ணெய் தடவப்பட்டிருக்கிறது. எலிகளுக்கு இதே எண்ணெயை வாய்வழியே கொடுத்துச் செய்த சோதனைகளில், பாதி எலிகளைக் கொல்லும் அளவு கிலோவுக்கு 1.9 முதல் 2.6 மில்லிலிட்டர் என்று அறியப்பட்டுள்ளது. தோலில் தடவியது முழுவதும் உடலுக்குள் போய்விடாது. இது ஆவியாகும் எண்ணெய் என்பதால் கணிசமான பங்கு காற்றோடு போய்விடும். அப்படிப் போனது போக மீதியில் ஒரு பங்கு மட்டும் உள்ளே சென்றாலும், அது சிறிய அளவு என்று சொல்வதற்கில்லை.

இதற்குப் பக்கத்தில், ஒரு சதவீதம் டீ ட்ரீ எண்ணெய் சேர்த்த ஷாம்புவை வைத்துப் பார்க்கலாம். பத்து மில்லிலிட்டர் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினால் உடலில் படும் எண்ணெய் 0.1 மில்லிலிட்டர்தான், அதுவும் சில நிமிடங்களில் நீரோடு போய்விடுகிறது. முன்னதற்கும் இதற்கும் 200 மடங்கு வேறுபாடு. "டீ ட்ரீ ஷாம்பு போட்டேன், என் நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை" என்று ஒருவர் சொல்வதும், "டீ ட்ரீ எண்ணெய் பூனையைக் கொன்றது" என்று மருத்துவர் சொல்வதும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. இருவரும் ஒரே பெயரைச் சொன்னாலும் பேசுவது வெவ்வேறு அளவுகளைப் பற்றி. நறுமண எண்ணெய் குறித்த சச்சரவுகளில் பாதி, அளவைச் சொல்லாமல் எண்ணெயின் பெயரை மட்டும் சொல்வதால் எழுபவை.

மழித்த தோல், நக்கும் நாக்கு, பூனையின் கல்லீரல்

ரோமத்தை மழித்தது நல்லெண்ணத்தோடு செய்த காரியமாக இருக்கலாம். மருந்து தோலில் நன்றாகப் படும், தெள்ளுகளுக்கு மறைவிடமும் இருக்காது. ஆனால் மனிதத் தோலின் மேலடுக்கோடு ஒப்பிட்டால் பூனை, நாய் ஆகியவற்றின் மேல்தோல் மெல்லியது. அவற்றின் தோலுக்கு இயற்கை தந்த முதல் காப்பு ரோமமே. அது நீங்கியபின் உடற்பரப்பு முழுவதும் எண்ணெய்க்குத் திறந்த வாசலாகிவிடுகிறது. கண்ணுக்குக் கீறல் தெரியாவிட்டாலும், மழிக்கும் கருவி தோலின் மேலடுக்கைச் சிறிதேனும் உரசிவிடும். இதற்கு மேல், டீ ட்ரீ எண்ணெயில் உள்ள டெர்பீன் வகைச் சேர்மங்கள் கொழுப்பில் எளிதில் கரைபவை. தோல் செல்களுக்கு இடையே உள்ள கொழுப்பு அடுக்கைத் தளர்த்திக்கொண்டு உட்புகுபவை. தோலில் ஒட்டும் மருந்துப் பட்டைகள் பற்றிய ஆராய்ச்சிகளில், பிற மருந்துகளை உள்ளே செலுத்துவதற்கு உதவும் பொருள்களாகவே சினியோல் போன்ற டெர்பீன்களைச் சோதித்திருக்கிறார்கள். அத்தகைய பொருளை நேரடியாக உடல் முழுவதும் தடவினால் அது தோலின் மேலேயே நிற்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

அடுத்த வழி வாய். விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியைப் பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்வதில் செலவிடுகிறது. உடலில் படியும் எதுவும் சிறிது நேரத்தில் அதன் வயிற்றுக்குள் போய்விடும். ஆகவே பூனையைப் பொறுத்தவரை வெளிப்பூச்சு மருந்து, உள்மருந்து என்ற பாகுபாடு ஏட்டளவில்தான். சாதாரணமாக ஒருவர் யோசிக்கும்போது, தோலுக்குத்தானே போடுகிறோம், வயிற்றுக்குள் கொடுக்கவில்லையே என்று எண்ணுவார். அந்த எண்ணம் மனித உடலை வைத்துப் பழகியதால் வருவது.

உள்ளே போன டெர்பீன்களைக் கல்லீரல் முதலில் ஆக்சிஜனேற்றம் செய்து, பிறகு குளுக்குரோனிக் அமிலத்தோடு இணைத்து, நீரில் கரையக்கூடியதாக மாற்றிச் சிறுநீர் வழியே அனுப்புவது பாலூட்டிகளில் பொதுவான ஏற்பாடு. இந்த இணைப்பைச் செய்யும் நொதிக் குடும்பத்தில், ஃபீனால் வகைச் சேர்மங்களைக் கையாளும் யூ.ஜி.டி.1ஏ6 என்னும் நொதிக்கான மரபணு பூனையில் செயலிழந்த, வெறும் எச்சமாகவே இருக்கிறது. இது 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் நிறுவப்பட்டது. பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த மற்ற விலங்குகளிலும் இந்தக் குறைபாடு உண்டு என்பது 2011-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. முழுக்க இறைச்சியையே உண்டு வாழும் பரம்பரையில், செடிகொடிகளின் நச்சுச் சேர்மங்களை முறிக்கும் கருவி தேவையற்றுப்போய் உதிர்ந்துவிட்டது என்பது அதற்குத் தரப்படும் விளக்கம். மனிதருக்குச் சாதாரணமான பாரசிட்டமால் மாத்திரை பூனைக்கு உயிரைப் பறிக்கும் நஞ்சாவதும் இந்தக் குறைபாட்டால்தான்.

இதே காரணத்தால், நறுமண எண்ணெய்களில் ஃபீனால் மிகுந்தவை பூனைக்குத் தனிப்பட்ட ஆபத்து: கிராம்பு எண்ணெயின் யூஜினால், ஓரிகானோ எண்ணெயின் கார்வக்ரால், தைம் எண்ணெயின் தைமால் ஆகியவை இவ்வகை. வின்டர்கிரீன் எண்ணெய் இன்னும் மோசமானது. அது ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட். அதில் 5 மில்லிலிட்டர் ஏறத்தாழ 7 கிராம் ஆஸ்பிரினுக்கு நிகர். ஆஸ்பிரின் நாயின் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 8 மணி நேரம் போதும். பூனையின் உடலில் அதற்கு 38 மணி நேரம் அளவுக்கு ஆகிறது. வலி நீக்கும் தைலங்கள் பலவற்றில் இந்தச் சேர்மம் இருப்பதால், மூட்டு வலியுள்ள கிழப்பூனைக்கு வீட்டில் இருக்கும் தைலத்தைத் தேய்ப்பதும் இதே கணக்கில்தான் சேரும்.

நாய்களும் இதற்கு விலக்கல்ல

பூனைக்கு மட்டுமே உரிய சிக்கல் இது என்று இந்த நிகழ்வைப் படித்துவிடக் கூடாது. அமெரிக்காவில் விலங்கு நச்சுத் தகவல் மையத்துக்கு 2002 முதல் 2012 வரை வந்த, நூறு சதவீத டீ ட்ரீ எண்ணெய் சார்ந்த 443 நிகழ்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த அறிக்கை 2014-இல் வெளியானது. அவற்றில் 337 நாய்கள், 106 பூனைகள். உமிழ்நீர் வடிதல், சோர்வு, தசை வலுவிழப்பு, தள்ளாட்டம், நடுக்கம் ஆகியவை மிகுதியாகக் காணப்பட்டன. அறிகுறிகள் பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் தோன்றி, 72 மணி நேரம்வரை நீடித்தன. வயதில் இளைய, எடை குறைந்த பூனைகளுக்குக் கடுமையான பாதிப்பு ஏற்படும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. இவற்றில் மிகப் பெரும்பாலானவை, விலங்கு தானாகப் புட்டியைக் கவிழ்த்து நக்கிய விபத்துகள் அல்ல. உரிமையாளர்களே நல்லது செய்வதாக எண்ணி வேண்டுமென்றே தடவியவை. விபத்தைத் தடுக்கப் புட்டியை உயரத்தில் வைக்கச் சொல்லலாம். நல்லெண்ணத்தால் வரும் கேட்டை அப்படித் தடுக்க முடியாது.

எண்ணெய் மாறினால் நஞ்சின் வழியும் மாறும் என்பதற்கு, 1992-இல் பதிவான ஒரு நாயின் நிகழ்வைச் சுட்டலாம். அங்கும் காரணம் தெள்ளுதான். பயன்படுத்தியது பென்னிராயல் என்னும் புதினா வகைச் செடியின் எண்ணெய். கிலோவுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிகிராம் வீதம் தோலில் பூசப்பட்டது. ஒரு மணி நேரத்தில் நாய் சோர்ந்தது. அடுத்து வாந்தி, பேதி. பிறகு மூக்கிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் இரத்தம். வலிப்பு கண்டு இரண்டு நாள்களுக்குள் அது இறந்தது. உடற்கூறு ஆய்வில் கல்லீரல் செல்கள் பெருமளவில் அழிந்திருந்தன. திசுவில் புலிகோன் என்னும் சேர்மம் காணப்பட்டது. நாய்க்குப் பூனையின் நொதிக் குறைபாடு இல்லை. ஆனால் இங்கே கல்லீரலின் வேலைத்திறனே எதிராகத் திரும்பிவிட்டது: புலிகோனை உடைக்கும் முயற்சியில் கல்லீரல் மென்தோஃபியூரான் முதலிய, மூலத்தைவிடக் கொடிய பொருள்களை உருவாக்கி, தன்னைக் காக்கும் குளுட்டாதையோனையும் தீர்த்துவிடுகிறது. "நாய்க்குப் பரவாயில்லை, பூனைக்குத்தான் ஆகாது" என்ற எளிய விதி இந்த எண்ணெயிடம் செல்லாது.

தூய்மைச் சான்று எதைச் சொல்கிறது

இவ்வளவும் சொன்னபின், தூய்மை பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று எவரேனும் முடிவுகட்டினால் அதுவும் தவறாகும். புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் அளவைக் கணக்கிடவே முடியாது. ஒரு சதவீதம் என்று நாம் நீர்க்கும்போது, எதன் ஒரு சதவீதம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

நறுமண எண்ணெயை ஆராய்வதற்கான அடிப்படைக் கருவி, ஜி.சி.-எம்.எஸ். எனப்படும் வாயு நிறப்பிரிகை–நிறை நிறமாலைச் சோதனை. எண்ணெயை ஆவியாக்கி நீண்ட, மெல்லிய குழாய் வழியே செலுத்தும்போது ஒவ்வொரு கூறும் வெவ்வேறு நேரத்தில் வெளிவருகிறது. வரைபடத்தில் அது முகடு முகடாகப் பதிவாகும். டீ ட்ரீ எண்ணெயாக இருந்தால் டெர்பினன்-4-ஆல் முகடு மற்றவற்றையெல்லாம் மிஞ்சி உயர்ந்து நிற்கும். அந்த எண்ணெய்க்கான ஐ.எஸ்.ஓ. 4730 தரநிலையின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம், அச்சேர்மம் 35 முதல் 48 சதவீதம்வரை இருக்க வேண்டும் என்றும், 1,8-சினியோல் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் வரையறுக்கிறது. அதே மெலலூக்கா இனத்தில் சினியோல் மிகுந்த வேதிவகை மரங்களும் உண்டு. செடியின் பெயர் ஒன்றாக இருந்தாலும் அவற்றின் எண்ணெய் வேறு. எனவே லேபிளில் தாவரப் பெயர் சரியாக அச்சிடப்பட்டிருப்பது மட்டும் போதாது. தைமிலும் இப்படித்தான்: தைமால் மிகுந்த வகையும் லினலூல் மிகுந்த வகையும் ஒரே தாவரப் பெயரில் விற்பனைக்கு வருகின்றன. பூனைக்கு இரண்டும் ஒன்றல்ல.

கலப்படம் செய்பவர்களும் இந்த வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள்தாம். யூகலிப்டஸ், பைன் எண்ணெய்த் தொழில்களில் மிஞ்சும் பகுதிகளிலிருந்து டெர்பினன்-4-ஆலைப் பிரித்தெடுத்து, டீ ட்ரீ எண்ணெயில் சேர்த்து விகிதத்தைச் சரிக்கட்டிவிடலாம். வரைபடம் பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும். அதைப் பிடிப்பதற்காகத்தான், ஒரே மூலக்கூறின் வலப்புற, இடப்புற வடிவங்கள் எந்த விகிதத்தில் உள்ளன என்று பார்க்கும் சோதனை மேற்சொன்ன திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. செடி உருவாக்கும் விகிதமும் ஆலையில் கலந்த பொருளின் விகிதமும் ஒத்துப்போவதில்லை. லாவெண்டர் எண்ணெயில் செயற்கை லினலூல் சேர்த்திருந்தால் கண்டுபிடிப்பதும் இதே வழியில்தான்: உண்மையான லாவெண்டரில் ஒரு வடிவமே பெரும்பாலும் இருக்கும், ஆலையில் தயாரித்ததில் இரண்டும் சரிபாதியாக இருக்கும். லாவெண்டர் என்ற பெயரில் மலிவான லாவண்டின் எண்ணெய் விற்கப்படுவது இன்னொரு வகை. வாசனையில் அதிகம் வேறுபடாத அதில் கற்பூரத்தின் பங்கு கூடுதல். கற்பூரமோ வலிப்பைத் தூண்டக்கூடிய பொருள்.

வீட்டில் செய்யச் சொல்லும் காகிதச் சோதனையின் எல்லையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு துளியை வெள்ளைக் காகிதத்தில் விட்டு உலரவிட்டால், தாவர எண்ணெய் கலந்திருந்தால் நெய் பட்டதுபோல் கறை தங்கும். அது அந்த ஒரு கலப்படத்தைத்தான் காட்டும். செயற்கை லினலூலும் டர்பன்டைனும் கறையின்றி ஆவியாகிவிடும். போதாக்குறைக்கு, சந்தனம், வெட்டிவேர் போன்ற கனமான எண்ணெய்கள் தூய்மையாக இருந்தாலும் மெல்லத்தான் உலரும். நான் அந்தச் சோதனைக்கு மதிப்பெண் தருவதில்லை.

புதிதாக வாங்கும்போது தரமாக இருந்த எண்ணெய் அலமாரியிலேயே கெட்டுப்போவதும் உண்டு. இதைப் பலர் தூய்மையோடு சேர்த்து எண்ணுவதே இல்லை. காற்றும் ஒளியும் வெப்பமும் படும்போது டீ ட்ரீ எண்ணெயின் டெர்பினீன்கள் சிதைந்து, பி-சைமீன் கூடுகிறது. பெராக்சைடு வகைப் பொருள்கள் உண்டாகின்றன. தோலில் ஒவ்வாமையைத் தூண்டுபவை பெரும்பாலும் இந்த ஆக்சிஜனேற்ற விளைபொருள்களே. பாதி தீர்ந்த புட்டியில் காற்று அதிகம். அதனால் அது முழுப் புட்டியைவிட விரைவில் கெடும். அடர்நிறக் கண்ணாடிப் புட்டி, இறுக்கமான மூடி, குளிர்ந்த இடம், திறந்த தேதியை எழுதி வைத்தல் ஆகியவை எண்ணெயைக் காப்பதோடு, விலங்கின் தோலையும் காப்பவை.

ஆய்வகச் சான்று கேட்கும்போது, கையிலுள்ள புட்டியின் தொகுதி எண்ணும் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது முதல் வேலை. ஏதோ ஒரு தொகுதியின் சான்றைக் காட்டிவிட்டு எல்லாத் தொகுதிகளையும் விற்பதற்கு இடம் இருக்கக் கூடாது. விளம்பரங்களில் வரும் "சிகிச்சைத் தரம்" என்ற முத்திரை விற்பனையாளர்கள் தாங்களே சூட்டிக்கொள்வது. அரசு ஒழுங்குமுறை அமைப்புகள் ஆய்ந்து வழங்கும் தரச்சான்று அன்று. அந்த முத்திரை இருப்பதால் எண்ணெய் மோசம் என்று சொல்லவில்லை. அது எதையும் நிறுவவில்லை என்றே சொல்கிறேன். சான்று முற்றிலும் உண்மையாகவே இருந்தாலும், "இது 4 கிலோ எடையுள்ள பூனையின் மழித்த தோலில் 20 மில்லிலிட்டர் தடவத் தக்கது" என்று அதில் எங்கும் எழுதியிருக்காது.

விலங்குகளுக்கென்றே தயாரித்த பொருள்களிலும் எச்சரிக்கை தேவை. புதினா, இலவங்கப்பட்டை, எலுமிச்சைப்புல், கிராம்பு, தைம் எண்ணெய்கள் சேர்ந்த "இயற்கை" தெள்ளுக்கொல்லிகள் அமெரிக்காவில் பதிவு விதிகளிலிருந்து விலக்குப் பெற்றவை. அவற்றால் வந்த பாதிப்புகளை ஆராய்ந்த, 2012-இல் வெளியான அறிக்கையில் 39 பூனைகளும் 9 நாய்களும் இடம்பெற்றன. பெரும்பாலான விலங்குகளில் பரபரப்பு, உமிழ்நீர் வடிதல் போன்ற தீவிளைவுகள் தென்பட்டன. அவற்றில் பல, லேபிளில் சொன்னபடியே பொருளைப் பயன்படுத்தியபின் வந்தவை.

எப்படிப் பயன்படுத்தினால் தகும்

நறுமண எண்ணெய்களை விலங்குகளிடம் நெருங்கவே விடக் கூடாது என்பது என் நிலைப்பாடு அன்று. 2004-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், தோல் அழற்சி உள்ள நாய்களுக்கு 10 சதவீத டீ ட்ரீ கிரீம் பூசியதில் வழக்கமான கிரீமைவிட நல்ல பலன் கிடைத்தது. அது பாதிக்கப்பட்ட இடத்தில் மட்டும், குறிப்பிட்ட நாள்களுக்கு, மருத்துவர் கண்காணிப்பில் பூசிய கிரீம். 2006-இல் வெளியான இன்னோர் ஆய்வில், காரில் போகும்போது பதற்றப்படும் 32 நாய்கள் லாவெண்டர் மணம் இருந்தபோது கூடுதலாக அமர்ந்தும் படுத்தும் ஓய்வெடுத்தன, குரைப்பதைக் குறைத்தன. அங்கே எண்ணெய் நாயின் உடலில் படவேயில்லை, காற்றில் மணம் மட்டும் இருந்தது. பலன் தந்த இரண்டிலும் எண்ணெய் எங்கே, எவ்வளவு, எத்தனை நேரம் என்பதற்கு எல்லை இருந்ததைக் கவனிக்க வேண்டும்.

நாய்க்கு மருத்துவர் ஒப்புதலோடு தடவ நேர்ந்தால், அரை முதல் ஒரு சதவீதம் என்ற அளவில் தொடங்குவதே முறை. முப்பது மில்லிலிட்டர் தாங்கி எண்ணெய்க்கு (நறுமண எண்ணெயை நீர்க்கப் பயன்படும் சாதாரணத் தாவர எண்ணெய்) ஒரு சதவீதம் என்பது 0.3 மில்லிலிட்டர், அதாவது ஏறக்குறைய ஆறு துளி. சொட்டும் மூடியின் வாயும் எண்ணெயின் கனமும் மாறினால் துளியின் அளவும் மாறும். எடை குறைந்த விலங்குக்குத் துளிக் கணக்கை நம்பாமல், ஊசியில்லாத சிரிஞ்சில் அளப்பதே மேல். தண்ணீரில் சொட்டிக் கலக்குவது நீர்ப்பதாகாது. எண்ணெய் மேலே மிதந்து, தெளிக்கும்போது ஒரே இடத்தில் நீர்க்காத எண்ணெயாகவே போய் விழும். பூனைக்கு, அதற்கெனச் சோதித்துத் தயாரித்த பொருளைத் தவிர, வீட்டில் கலந்த எந்த நறுமண எண்ணெயையும் தடவ வேண்டாம் என்பதே நான் தரும் அறிவுரை. காதுக்குள் விடுவது, உணவில் சேர்ப்பது ஆகியவை எந்த விலங்குக்கும் கூடாது.

அறையில் மணம் பரப்பும் கருவியான டிஃப்யூசர் பற்றிய கேள்வி தனி. குச்சி வழியே மெல்ல மணம் பரப்பும் வகையில், மணம் மட்டுமே காற்றில் கலக்கிறது. புட்டி கவிழ்ந்தால்தான் பெரிய ஆபத்து. அல்ட்ராசோனிக் வகையும் நெபுலைசர் வகையும் நுண்துளிகளையே வீசுகின்றன. அவை ரோமத்திலும் படுக்கையிலும் படிந்து, பூனை நக்கும்போது உள்ளே செல்கின்றன. ஆஸ்துமா உள்ள பூனை இருக்கும் அறையில் அவற்றை இயக்கவே கூடாது. பறவைகளின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் தொடர்ந்து பாய்வதாலும் காற்றுப்பைகள் உடல் முழுவதும் பரவியிருப்பதாலும், காற்றில் உள்ளதை அவை நம்மைவிட வேகமாக உள்வாங்கிவிடும். பறவைக் கூண்டு உள்ள அறையில் டிஃப்யூசர் எந்த வகையானாலும் வேண்டாம். மற்ற வீடுகளில், கதவு திறந்திருக்க வேண்டும். விலங்கு விரும்பினால் எழுந்து வேறு அறைக்குப் போக வழி இருக்க வேண்டும்.

நச்சேறியபின் செய்ய வேண்டியவை

மூன்று பூனைகளுக்கும் செய்த முதல் உதவி சரியானதே. தோலில் எண்ணெய் பட்டிருந்தால், பாத்திரம் கழுவும் மென்மையான சோப்புத் திரவத்தை வெதுவெதுப்பான நீரில் கலந்து, கையுறை அணிந்து, ரோமத்தின் அடிவரை விரல்களைச் செலுத்திக் கழுவ வேண்டும். விரலிடுக்குகள், காது மடிப்பு, வால் அடிப்பகுதி ஆகியவற்றில் எண்ணெய் தங்கிவிடும். வெறும் நீர் எண்ணெயை அகற்றாது. வேறு எண்ணெய் தேய்த்து எடுப்பது உட்செல்வதைக் கூட்டும். கழுவி முடித்ததும் துண்டால் நன்கு துவட்டி, கதகதப்பாக வைக்க வேண்டும். உடல் வெப்பம் ஏற்கெனவே தாழ்ந்துகொண்டிருக்கும் பூனையை ஈரத்தோடு விடுவது இன்னொரு தீங்கு.

விலங்கு எண்ணெயை விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மெல்லிய, ஆவியாகும் எண்ணெய் திரும்பி வரும்போது மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். தள்ளாட்டமும் மயக்கமும் உள்ள விலங்குக்கு அந்த அபாயம் பன்மடங்கு. இந்த நஞ்சுகளுக்குத் தனி முறிமருந்து கிடையாது. சிரை வழித் திரவம், வெப்பம் காத்தல், நடுக்கத்துக்குத் தசைத் தளர்த்தி, வலிப்புக்கு அதற்கான மருந்து, கல்லீரல் காப்பு, அத்துடன் நொதிகளை அடுத்தடுத்து அளந்து கண்காணித்தல் ஆகியவைதாம் சிகிச்சை. பென்னிராயல் போன்ற நஞ்சில், தீர்ந்துபோகும் குளுட்டாதையோனை ஈடுகட்ட என்-அசிட்டைல்சிஸ்டீன் கொடுப்பதுண்டு. மருத்துவரிடம் செல்லும்போது புட்டியை மறக்காமல் கொண்டு செல்ல வேண்டும்: எந்த எண்ணெய், எத்தனை சதவீதம், எவ்வளவு தடவியது, எத்தனை மணிக்கு என்பவற்றை வைத்துத்தான் சிகிச்சையின் வேகம் தீர்மானிக்கப்படும். "இயற்கை எண்ணெய்தானே" என்று கூச்சத்தால் மறைத்துவிட்டால், மருத்துவர் நரம்பு நோய் என்றோ வேறு நச்சு என்றோ தேடிக்கொண்டிருப்பார்.

இதில் எளிதாக விட்டுப்போகும் ஒரு விஷயம், தேறிய விலங்கின் உடலில் தெள்ளு இன்னும் இருக்கும் என்பது. அந்த அரிப்புக்குத் தீர்வு தராமல் அனுப்பினால், உரிமையாளர் அடுத்த வைத்தியத்தைத் தேடத்தான் செய்வார். கல்லீரல் நொதிகள் இயல்புக்குத் திரும்பியதும், எடைக்கேற்ப அளவிட்டுப் பூனைக்கென்றே அனுமதி பெற்ற தெள்ளு மருந்தை மருத்துவர் பரிந்துரைக்க வேண்டும். வீட்டிலுள்ள மற்ற விலங்குகளுக்கும் அதே வேளையில் சிகிச்சை வேண்டும். படுக்கைத் துணிகளைச் சூடான நீரில் துவைக்க வேண்டும். இயற்கை எண்ணெயில் சூடுபட்டவர், செயற்கை மருந்தே நல்லது என்று நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லி அனுப்ப வேண்டும். பூனையின் கல்லீரலால் பெர்மெத்ரினையும் எளிதில் அகற்ற முடியாது. நடுக்கமும் வலிப்பும் கொண்டு அது திரும்ப வரும்.